இரட்டை ரப்பர் போட்ட பொட்டலம்

எங்கள் சாப்பாட்டுக் கடையில் ரப்பர் வளையத்துக்கு ஒரு பாஷை இருக்கிறது. நாசி என்று இங்கே சொல்கிற சோற்றுப் பொட்டலத்தில் சிவப்பு ரப்பர் போட்டிருந்தால் கோழி. மஞ்சள் போட்டிருந்தால் மீன். பச்சை என்றால் காய்கறி மட்டும். எந்த நிறமானாலும் இரண்டு ரப்பர் போட்டிருந்தால் குழம்பு தாராளமாக ஊற்றியிருக்கிறது என்று அர்த்தம். மலாய்க்காரர்கள் அதைப் 'பாஞ்சிர்' என்பார்கள், வெள்ளம் என்று. கோலா கெத்திலில் எங்கள் வியாபாரம் பல வருடமாக இந்தப் பாஷையில்தான் நடக்கிறது. அதைக் கண்டுபிடித்தவள் நான். அதனால் வந்த வினையை அனுபவித்தவளும் நான்தான்.

பொட்டலம் கட்டும் மேசை என்னுடையது. என் வீட்டுக்காரர் முன்னால் நின்று தேத்தண்ணி ஆற்றுவார். பின்கட்டில் வெங்காயம் உரிப்பது, கோழி கழுவுவது, மசாலா அரைப்பது எல்லாம் என் தோழியின் ராஜ்ஜியம். பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, ரப்பர் பால் மரம் வெட்டி, பிறகு செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு மாறி, முதுகு ஒத்துழைக்காமல் போனபின் என் கடைக்கு வந்தவள். என்னைவிட நான்கு வயது சின்னவள். நான் முக்காடு போட்டவள், அவள் பொட்டு வைத்தவள். வாய் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பின்னால் மோட்டார் சத்தம் கேட்டால் வலது கை தானாகக் கழுத்துக்குப் போய்விடும். கையில் வெங்காயச் சாறு இருக்கிறதா, மிளகாய் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கரங்கானில் இருக்கும் தன் அக்காவைப் பார்த்துவிட்டு, பட்டப்பகலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். மோட்டாரில் வந்த இரண்டு பேர் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். சங்கிலி அறுவதற்குள் ஏழெட்டு அடி இவளும் ரோட்டோடு கூடவே போனாள். பாதிச் சங்கிலி அவர்கள் கையோடு போய்விட்டது. மீதிப் பாதியும் தாலியும் சட்டைக்குள் விழுந்து தப்பின. முழங்கையில் தையல் போட்டார்கள். கழுத்தைச் சுற்றி விழுந்த கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.

அன்றிலிருந்து தாலி மஞ்சள் கயிற்றுக்கு மாறிவிட்டது. காதில் மிளகு அளவு தோடு, அவ்வளவுதான். கல்யாணம் காட்சிக்குப் போனால்கூட அதே கோலம்தான். பார்க்கப் பொறுக்காமல் நான் ஒருநாள், "ஒரு கவரிங் சங்கிலியாவது வாங்கிப் போட்டுக்கோயேன், புள்ள" என்றேன்.

"இழுக்கறவனுக்கு அது கவரிங்னு தெரியுமாக்கா? சங்கிலி கவரிங்கா இருந்தாலும் கழுத்து அசல்தானே லா" என்றாள்.

 அதற்குப் பிறகு நான் கவரிங் பேச்சையே எடுக்கவில்லை.

நான் நகைக்கு எதிரி இல்லை. என் முக்காட்டுக்குள் என்ன கிடக்கிறது என்பது எனக்கும் படைத்தவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஆனால் இந்தக் காலத்தில் இரண்டு கையிலும் வளையலை அடுக்கிக்கொண்டு பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் கீரை வாங்க வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். விலைவாசி ஏறுகிறது, கூடவே தங்கமும் ஏறுகிறது. ஃபேக்டரியில் ஓவர்டைம் இல்லை என்று ஆளை அனுப்புகிறான். வேலை போனவன் எல்லாரும் திருடன் ஆகிவிடுவதில்லை, அதுவும் எனக்குத் தெரியும். எங்கள் கடையில் கடன் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, மறுமாதம் வந்து தலையைக் குனிந்துகொண்டு கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பத்துப் பேரில் ஒருத்தன் கண் கழுத்துக்குப் போனால் போதாதா? கடைக்கு வருகிற பெண்களிடம் நான் முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவேன், "நாசி வாங்க வந்தியா, நகைக்கடை விளம்பரத்துக்கு வந்தியா?" என்று. சிலர் சிரிப்பார்கள். சிலர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.

தங்கத்தைப் பத்திரப்படுத்துவது பற்றி எனக்கு ஒரு கொள்கையே இருந்தது. அலமாரியில் வைக்கக்கூடாது, திருடன் முதலில் திறப்பது அலமாரியைத்தான். கைப்பையில் வைக்கக்கூடாது, பறிப்பவன் முதலில் பறிப்பது கைப்பையைத்தான். எல்லார் கண்ணிலும் படுகிற, யாருமே திரும்பிப் பார்க்காத பொருளுக்குள் வைக்க வேண்டும். அரிசி டின், சலவைத் தூள் டப்பா என்று அந்தக் கொள்கைப்படியே பல வருடம் ஓட்டியிருக்கிறேன். ஒரு குன்றிமணி காணாமல் போனதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

போன வருடம் என் தோழியின் ஒரே மகளுக்குக் கல்யாணம் கூடியது. ஞாயிற்றுக்கிழமை சுங்கை பட்டாணியில் கோயில் மண்டபத்தில் தாலி கட்டு. மகளுக்குப் போட ஒரு ஆரமும் நான்கு வளையலும் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தாள். கூடவே, அறுந்துபோன தன் சங்கிலியின் மீதிப் பாதியையும் பத்தரிடம் கொடுத்து, குறைக்குப் பொன் சேர்த்து முழுசாக்கச் சொல்லியிருந்தாள். அது அவளாக ஆசைப்பட்டுச் செய்ததில்லை. "மேடையில அம்மா வெறுங்கழுத்தோட நின்னா, நானும் ஒன்னும் போட்டுக்க மாட்டேன்" என்று மகள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

"மண்டபத்துக்குள்ள போயி போட்டுக்குவேன். சாப்பாடு முடிஞ்சதும் அங்கயே கழட்டிருவேன். வாசல் தாண்டி போட்டுட்டு வரமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள் என்னிடம். என்னவோ நான்தான் கழுத்தை நீட்டச் சொன்ன மாதிரி.

வியாழக்கிழமை காலையில் சுங்கை பட்டாணிக்குப் போய், மெருகு போட்ட நகைகளை வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்கு நேராகக் கடைக்கு வந்தாள். சாப்பாட்டு டப்பாவுக்குள் கைத்துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. பஸ்ஸில் வந்த நேரம் முழுக்க டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டே வந்தாளாம்.

"நீ இப்படிக் கட்டிப்பிடிச்சிட்டு வந்தா, உள்ள சோறு இல்லன்னு ஊருக்கே தெரியும்" என்றேன்.

எஸ்டேட் வீடுகளில் பகலில் ஆளே இருப்பதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை வரை நகைகள் என் பொறுப்பில் இருக்கட்டும் என்பது ஏற்பாடு. என் வீடு கடையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தாமான் குடியிருப்பில். கடை அடைத்துவிட்டுச் சாயங்காலம் எடுத்துப் போக வேண்டும். அதுவரை எங்கே வைப்பது? கல்லாவிலா? திருடன் கண் முதலில் போவது கல்லாவுக்குத்தான். என் கொள்கை அந்த நிமிடத்தில் உச்சத்துக்குப் போனது. நகைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தேன். வாழை இலைத் துண்டை விரித்து, இரண்டு கரண்டி வெள்ளைச் சோறு வைத்து, நடுவில் பையைப் புதைத்து, மேலே இன்னொரு கரண்டி சோறு போட்டுப் பழுப்புத் தாளில் கட்டினேன். கையில் எடுத்துப் பார்த்தால் சாட்சாத் நாசி பொட்டலம். எனக்கே பசித்தது.

அடையாளத்துக்காகச் சிவப்பு ரப்பர் இரண்டு போட்டேன். ஏன் இரண்டு போட்டேன் என்று என்னை இன்றைக்கும் கேட்காதீர்கள். முக்கியமான பொருளாயிற்றே, அவிழ்ந்துவிடக்கூடாதே என்று நினைத்திருப்பேன். மேசைக்குக் கீழ்த்தட்டில், இடது ஓரமாக வைத்தேன். முன்னாடியே சொல்லி வைத்தவர்களின் பொட்டலங்கள் அதே தட்டில் வலது ஓரம். அந்த இடது வலது கணக்கு என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

லுஹர் தொழக் கடையின் பின்னறைக்குப் போனேன். பத்து நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் என் மேசைக்குப் பின்னால் நின்று, தட்டைக் கிட்டத்தட்டக் காலி பண்ணிய பெருமையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வருடம் முழுக்க அந்த மேசைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன்.

"கூட்டம் வந்துருச்சு. எல்லாத்தையும் நானே குடுத்து அனுப்பிட்டேன்" என்றார்.

கீழே குனிந்தேன். இரண்டு சிவப்பு ரப்பர் போட்ட ஒரே ஒரு பொட்டலம் இருந்தது. எடுத்தேன். அடியில் சூடாக இருந்தது. தாளில் எண்ணெய் கசிந்திருந்தது. பிரித்தால் கோழியும் குழம்புமாக நீந்தியது.

"ரெண்டு ரப்பர் போட்ட இன்னொன்னு இருந்துச்சே?"

"ஆமா, பாக்சிக்குக் குடுத்துட்டேன். அந்தப் புல் வெட்டுறவரு. ரெண்டுல எது பெருசோ அதைக் குடுத்தேன். பழைய வாடிக்கை, நல்லாச் சாப்பிடட்டுமேன்னு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.  பின்கட்டில் அவள் மசாலா அரைத்துக்கொண்டே யாரிடமோ ஃபோனில் மகளின் கூறைப்புடவை நிறத்தை வர்ணித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு நெஞ்சில் குத்தியது. அவளிடம் சொல்லாமல் நாமே போய்த் தேடிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். அவள் பொருள், அவளுக்குத் தெரியாமல் நான் என்ன தேடுவது? போய்ச் சொன்னேன்.

மசாலா யந்திரத்தை நிறுத்தினாள். நான் சொன்னதை இரண்டு முறை சொல்ல வைத்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு முன்னால் வந்து, என் வீட்டுக்காரரிடம் "அண்ணே, அந்தாளு எந்தப் பக்கம் போனாரு?" என்று மட்டும் கேட்டாள்.

பாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் அந்த மலாய்ப் பெரியவரின் ஃபோன் நம்பர் எங்களிடம் இல்லை. நீல நிற மோட்டார், பின்னால் புல் வெட்டும் மெஷினைக் கட்டியிருப்பார், வியாழக்கிழமைகளில் பாலிங் ரோட்டுப் பக்கம் வேலை, இவ்வளவுதான் தெரியும். கடையை என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, கடை வேனில் நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். நான் ஓட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போலக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, கதவையும் பூட்டிக்கொண்டாள்.

பாலிங் ரோட்டில் திரும்பினேன். என்னால் தாங்க முடியவில்லை.

"என்னை நாலு வார்த்தை நல்லாத் திட்டிடு" என்றேன்.

"திட்டுனா நீங்க வண்டிய கொண்டுபோயி லோரில விட்ருவீங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்கக்கா."

பக்கத்துக் கிளை ரோடுகளிலெல்லாம் ஒரு மணி நேரம் சுற்றினோம். பள்ளிக்கூட வேலியோரம் ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். இறங்கிப் போய்ப் பார்த்தால் வேறு ஆள். அடுத்து ஒரு சூராவ், சின்னத் தொழுகைக்கூடம். அங்கே புல் அப்போதுதான் வெட்டியிருந்தது, வாசனைகூடப் போகவில்லை. கூட்டிக்கொண்டிருந்தவர், பாக்சிக் லுஹர் முடித்துவிட்டு இப்போதுதான் மேலே போனார் என்று கையைக் காட்டினார். சாப்பிட்டாரா என்று நான் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இத்தனை வருடக் கடை அனுபவத்தில், ஒரு வாடிக்கையாளர் இன்னும் சாப்பிடாமல் இருக்க வேண்டுமே என்று நான் துஆ செய்தது அன்றைக்கு மட்டும்தான்.

இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் செம்பனைத் தோட்டத்து முகப்பில் நீல மோட்டார் நின்றது. பக்கத்தில் ஆள் இல்லை. மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மெஷின் சத்தம் மட்டும் வந்தது. மோட்டாரின் கைப்பிடியில், ரோட்டைப் பார்த்தபடி, எங்கள் கடையின் சிவப்பு பிளாஸ்டிக் பை தொங்கியது. லோரி ஒன்று கடந்து போனது. இரண்டு மோட்டார்கள் கடந்து போயின. பை அந்தக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் யோசிக்கவில்லை. வேனை அணைக்காமல், கதவையும் திறந்து போட்டுவிட்டு, ஓடிப்போய் கைப்பிடியிலிருந்து பையைப் பிடுங்கினேன். வழிப்பறிக்காரனும் வண்டியை அணைக்க மாட்டான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

"ஹோய்!"

மேட்டிலிருந்து பாக்சிக் இறங்கி ஓடி வந்தார். முகத்தில் வலை மூடி, தோளில் மெஷின், காலெல்லாம் புல். "காக்! இத்து நாசி சாயா லா!" என்று கத்தினார். அக்கா, அது என் சோறு என்கிறார். எதிரே வந்த லோரிக்காரர் வேகத்தைக் குறைத்து என்னை முறைத்தார். ஐம்பது வயதுக்கு மேல், முக்காடு போட்ட, ஹஜ்ஜுக்குப் போய்வந்த பெண்மணி, ஒரு ஏழையின் மதியச் சோற்றைப் பறித்துக்கொண்டு வேனுக்கு ஓடப் பார்க்கிறாள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

என் தோழிதான் இறங்கி வந்தாள். எஸ்டேட்டில் வளர்ந்தவளின் மலாய் என்னுடையதைவிடச் சரளம். இது சோறு இல்லை, உள்ளே எமாஸ், என் மகள் கல்யாணத்துத் தங்கம் என்று நிதானமாக எடுத்துச் சொன்னாள். பாக்சிக் வலையை உயர்த்தி, என்னை ஒரு முறையும் அவளை ஒரு முறையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். தங்கம் போட்டுத் தருகிற கடை என்றால் நாளை முதல் இரண்டு பொட்டலம் வாங்குகிறேன் என்றார். அவர் நம்பவில்லை.

அவள் பொட்டலத்தை மோட்டார் சீட்டில் வைத்துப் பிரித்தாள். சோற்றைத் தள்ளிப் பையை எடுத்தாள். முடிச்சை நான் அவசரத்தில் சரியாகப் போடவில்லை போலிருக்கிறது. ஆரமெல்லாம் பருக்கை ஒட்டியிருந்தது. வெயிலில் அத்தனையும் பளிச்சென்று மின்னியபோது பாக்சிக்கின் சிரிப்பு நின்றது. வாயில் கையை வைத்துக்கொண்டார். சூராவில் தொழுத நேரமெல்லாம் பை வெளியில்தான் தொங்கியது, அதற்கு முன் ரோட்டோர ஒட்டுக்கடையில் அரை மணி நேரம் கோப்பி குடித்தபோதும் வெளியில்தான் தொங்கியது என்றார். பிறகு தோளைக் குலுக்கி, "நாசி தானே, காக்" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். 

"இங்க குடு" என்று நான் கையை நீட்டினேன். "நான் முக்காட்டுக்குள்ள போட்டுக்கறேன். ஒருத்தன் கண்ணிலயும் படாது."

அவள் கொடுக்கவில்லை. ஆரத்தை ஊதி, பருக்கைகளைத் தட்டிவிட்டுத் தன் கழுத்தில் போட்டாள். நான்கு வளையலையும் கையில் ஏற்றினாள். கடைசியாகத் தன் சங்கிலியை எடுத்தாள். பத்தர் ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். கழுத்தில் வைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"ஊக்க மாட்டி விடுங்க."

பாலிங் ரோட்டு ஓரத்தில், லோரி போகிற வழியில், பட்டப்பகலில். நான் மாட்டினேன். அவள் கழுத்துக் கோட்டின் மேல் என் விரல் பட்டது. ஊக்கு இரண்டு தடவை நழுவியது. அழுகை வந்துவிட்டது எனக்கு. நகை கிடைத்த சந்தோஷத்தில் என்று அவள் நினைத்திருக்கலாம். அதுவும்தான்.

"மகளுக்கு முன்னாடி நீயே போட்டுப் பாத்துட்டே" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

"நல்லாருக்கா?" என்றாள். மசாலாக் கறை படிந்த டி-ஷர்ட், கைலி, அதன் மேல் ஆரம். நல்லாத்தான் இருந்தது.

அப்போது பாக்சிக் தொண்டையைச் செருமினார். அப்படியானால் என் கோழி எங்கே என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அவருடைய அசல் பொட்டலத்தைக் கடை மேசையிலேயே விட்டுவிட்டுத்தான் நாங்கள் ஓடி வந்திருந்தோம். மணி மூன்றாகப் போகிறது, மனிதர் காலையிலிருந்து கோப்பியோடு நிற்கிறார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. கடைக்கு வாருங்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள், கோழி, மீன், முட்டை எல்லாம் வைக்கிறேன், காசு பேசக்கூடாது என்றேன். மெஷினைப் பின்னால் கட்டிவிட்டு வேனுக்குப் பின்னால் வருவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் நன்றாக நடந்தது. பாக்சிக்கும் பாத்தேக் பூச்சட்டையில் வந்து மொய் வைத்துவிட்டு, பாயசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார். அன்றோடு என் கொள்கை ஒழிந்தது. அரிசி டின்னில் இருந்ததையும் எடுத்து பேங்க் லாக்கரில் வைத்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு என் மேசைப் பக்கம் வர இன்றைக்கும் அனுமதி இல்லை. அவர் அதைத் தண்டனை என்று நினைக்கிறாரா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

ஆனால் அன்று கடைக்குத் திரும்பிய அந்தப் பதினைந்து நிமிடம்தான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. வேனில் ஏறியதும் அவள் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். வேகமாகப் போகலாம் என்று நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். கழுத்தில் அவ்வளவும் போட்டிருக்கிறாளே என்ற பயம் எனக்குத்தான். முதல் வளைவு தாண்டியதும் பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. நெருங்கி நெருங்கி வந்தது. நான் சட்டென்று அவள் பக்கம் பார்த்தேன்.

இரண்டு கையும் மடியில், வளையலோடு, அப்படியே கிடந்தன. பக்கத்துக் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, "மெதுவா போங்கக்கா" என்றாள். "பாவம், பசியோட வராரு. நம்மள தவற விட்றப் போறாரு."